அது பாராட்டு இல்லைங்க

உங்கள் அறிக்கையை லண்டன் மேலாளர் 'எக்கனாமிகல் வித் த ட்ரூத்' என்று சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். சுருக்கமாக எழுதியதற்குப் பாராட்டா என்கிறீர்கள். இல்லைங்க, அது குற்றச்சாட்டு. சொன்னதில் பொய் இல்லாவிட்டாலும், சொல்ல வேண்டியதை மறைத்துவிட்டீர்கள் என்கிறார்.

இந்தத் தொடர் பேர்போனது 1986இல், சிட்னி நீதிமன்றத்தில். முன்னாள் உளவு அதிகாரி பீட்டர் ரைட்டின் புத்தகத்தைத் தடுக்க பிரிட்டிஷ் அரசு வழக்குப் போட்டிருந்தது. சாட்சிக் கூண்டில் அமைச்சரவைச் செயலாளர் ராபர்ட் ஆம்ஸ்ட்ராங். ஒரு கடிதத்தைக் காட்டி, இது பொய்தானே என்று வக்கீல் குடைந்தெடுத்தார். பொய் என்று ஒப்புக்கொள்ளாமல் அவர் சொன்ன பதிலில் வந்ததுதான் இது. அப்புறம் பத்திரிகைகள் விடுமா? முகத்துக்கு நேரே பொய் என்று சொல்லத் தயங்கும் இடத்திலெல்லாம் இன்றும் இதைத்தான் சொல்கிறார்கள்.

அதனால் தயவுசெய்து நன்றி சொல்லிப் பதில் போடாதீர்கள். எந்த விவரம் விடுபட்டது என்று நேராகவே கேட்டு, இன்றைக்கே அனுப்பிவிடுங்கள்.

'ஓவர்-எக் த புட்டிங்' என்றும் இருந்ததாம், சரி, அது அவ்வளவு கடுமை இல்லை. விற்பனைப் பகுதியை ஊதிப் பெருக்காதீர்கள் என்கிறார். அந்த 'ஈடிணையற்ற', 'வரலாறு காணாத' எல்லாவற்றையும் எடுத்துவிட்டால் போதும்.