வாசகர் கேள்வி – பதில்: ஊருணி, ஆழ்துளைக் கிணறு, கண்மாய்

முதுகுளத்தூர் வட்டாரத்திலிருந்து ஒரு வாசகி: எங்கள் ஊர்க் குடிநீர் ஊருணியைச் சில ஆண்டுகளுக்கு முன்பு பொக்லைன் வைத்து ஆழப்படுத்தினார்கள். முன்பெல்லாம் ஆடி வரை நின்ற தண்ணீர் இப்போது பங்குனியிலேயே வற்றிவிடுகிறது. அடியில் மிஞ்சுவதும் உப்புக் கரிக்கிறது. ஆழம் கூடினால் தண்ணீரும் கூடத்தானே வேண்டும்?

பதில்: அம்மா, ஊருணியைக் கிணறாக நினைத்துத் தோண்டியதால் வந்த கேடு இது. கிணறு நிலத்தடியிலிருந்து நீரை வாங்கிக்கொள்கிறது. ஊருணியோ, மழையாக விழுந்ததையும் வரத்துக்கால் கொண்டுவந்து சேர்த்ததையும் நிலத்தடி நீரோடு கலக்கவிடாமல் தனியே பிடித்து வைத்திருக்கிறது. இராமநாதபுரம் மாவட்டத்தின் பெரும்பகுதியில் நிலத்தடி நீர் உப்பாக இருப்பதால்தான், கிணறு வெட்டிப் பயனில்லை என்று அறிந்த முன்னோர், களிமண் இறுகிக் கிடக்கும் இடமாகப் பார்த்து ஊருணிகளை அமைத்தார்கள். அந்தக் களிமண் அடுக்குதான் ஊருணியின் அடித்தளம். பொக்லைன் அதைக் கிழித்துக் கீழேயுள்ள மணலைத் தொட்டுவிட்டால், மழைக்காலத்தில் பிடித்த நன்னீர் கீழே இறங்கிவிடும். கோடையில் ஊருணியின் மட்டம் தாழும்போது, சுற்றிலுமுள்ள உப்பு நீர் உள்ளே கசியும். நீங்கள் எழுதியிருக்கும் இரண்டு அறிகுறிகளும் இதனோடு பொருந்துகின்றன.

இதைச் சரிசெய்ய முடியும். ஊருணி வற்றிக் கிடக்கும் நாள்களில் அடியில் நான்கைந்து இடங்களில் கையால் சிறு குழிகள் வெட்டிப் பாருங்கள். ஈரமண்ணை உள்ளங்கையில் வைத்து உருட்டினால் கயிறுபோல் நீளுவது களி; உதிர்ந்துபோவது மணல். மணல் தெரியும் இடங்களில், அருகிலுள்ள கண்மாயிலிருந்து (பாசன ஏரியிலிருந்து) உரிய அனுமதியோடு நல்ல களிமண்ணைக் கொண்டுவந்து, ஓரடிக்கும் குறைவான அடுக்குகளாகப் பரப்பி, ஒவ்வோர் அடுக்கையும் நனைத்து, மிதித்தோ உருளையால் இறுக்கியோ மூட வேண்டும். இனித் தூர்வாரும்போது வண்டலை மட்டுமே அள்ள வேண்டும். களி தென்பட்டவுடன் நிறுத்திவிட வேண்டும். வரத்துக்கால் அடைபட்டிருக்கிறதா, அதன் வழியில் யாரேனும் பாதை போட்டிருக்கிறார்களா என்பதையும் ஐப்பசிக்கு முன்பே நடந்து பாருங்கள். உங்கள் மாவட்டத்துக்குக் காவிரி நீர் திருச்சிப் பக்கமிருந்து குழாயில் வருகிறது என்பது உண்மைதான். ஆனால் குழாய் உடையும் நாளில் ஊருக்குக் கைகொடுப்பது ஊருணிதான் என்பதால், அதைக் கைவிட வேண்டாம் என்று உங்கள் ஊராரைக் கேட்டுக்கொள்கிறேன்.

சென்னை திருவான்மியூரிலிருந்து ஒரு வாசகர்: எங்கள் அடுக்ககத்தின் ஆழ்துளைக் கிணறு கோடையில் வற்றுகிறது. இன்னும் 100 அடி இறக்கலாம் என்று சிலரும், மழைநீர்க் குழியைச் சரிசெய்தால் போதும் என்று சிலரும் சொல்கிறார்கள். எதைச் செய்வது?

பதில்: ஐயா, கடலோரத்தில் ஆழ்துளையை மேலும் இறக்குவதற்கு முன் ஒரு கணக்கை அறிந்துகொள்வது நல்லது. உப்பு நீரைவிட நன்னீர் சற்றே எடை குறைந்தது என்பதால், கடற்கரை மணலில் அது உப்பு நீரின் மேல் மிதந்து நிற்கிறது. நன்னீரின் மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் 1 மீட்டர் உயரத்தில் இருந்தால், கடல்மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 மீட்டர் வரை நன்னீர் இருக்கும் என்பது நீரியல் அறிஞர்களின் கணிப்பு. அந்த மட்டம் அரை மீட்டர் இறங்கினால், கீழேயுள்ள உப்பு நீர் நாளடைவில் 20 மீட்டர் மேலேறிவிடும். ஆகவே நீங்கள் ஆழமாகச் செல்வது உப்பை நோக்கிச் செல்வதாகவே முடியலாம். ஒருமுறை உப்பேறிய மணற்பரப்பு மீண்டும் நன்னீராவதற்குப் பல ஆண்டுகளும் பல நல்ல மழைகளும் வேண்டியிருக்கும்.

மழைநீர் சேகரிப்பை எல்லாக் கட்டடங்களுக்கும் தமிழக அரசு 2003-இல் கட்டாயமாக்கியது. அந்த ஆண்டில் அவசரமாகக் கட்டிய குழிகள் பல, அதன்பின் ஒருமுறைகூடத் திறந்து பார்க்கப்படாமல் மண்ணும் இலையும் மண்டிக் கிடக்கின்றன. சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாகச் சுமார் 1,400 மி.மீ. மழை பெய்கிறது. 1,000 சதுர அடி மொட்டைமாடியில் விழுவது ஏறத்தாழ 1,30,000 லிட்டர். சிந்தியதும் ஆவியானதும் போக 1,00,000 லிட்டர் பிடித்தால், ஆளுக்கு 135 லிட்டர் வீதம் செலவிடும் நால்வர் குடும்பத்துக்கு அது ஆறு மாதத் தண்ணீர். அடுக்ககத்தில் ஒரே மாடியைப் பல குடும்பங்கள் பங்கிட்டுக்கொள்வதால் ஒவ்வொரு வீட்டுக்கும் இத்தனை கிடைக்காது. ஆயினும் உங்கள் பகுதியின் மணல் தண்ணீரை விரைவாக உறிஞ்சக்கூடியது என்பதால், அங்கே இறக்கும் மழை வீணாவதில்லை.

புரட்டாசிக்குள் குழியிலுள்ள ஜல்லியையும் மணலையும் வெளியே எடுத்துக் கழுவிப் போடுங்கள். முதல் மழையின் அழுக்கு நீர் வெளியேறத் தனிக் குழாய் வையுங்கள். வளாகத்தில் பழைய உறைகிணறு மூடிக் கிடந்தால் அதைத் திறந்து, வடிகட்டிய மாடித் தண்ணீரை அதற்குள் விடுங்கள். 2019 கோடையில் நகரின் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் வீதம் ரயிலில் தண்ணீர் கொண்டுவர நேர்ந்ததை நாம் எல்லோரும் பார்த்தோம். அந்த ஆண்டின் பதற்றம் தணிந்ததும் குழிகளை மறந்துவிட்டதுதான் எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

கோவையிலிருந்து ஒரு வாசகி: ஆர்.ஓ. இயந்திரம் கழித்து வெளியேற்றும் தண்ணீரைச் செடிகளுக்கு ஊற்றலாமா?

பதில்: தொடர்ந்து ஊற்றினால் மண்ணில் உப்புச் சேரும். தரை துடைக்கவும் கழிப்பறைக்கும் பயன்படுத்துங்கள். அதற்கு முன்னால், உங்கள் குழாய் நீரில் கரைந்துள்ள உப்புகளின் அளவைச் சோதித்துக்கொள்ளுங்கள். லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருந்து, வேறு மாசும் இல்லையென்றால், ஆர்.ஓ. உங்களுக்குத் தேவையே இல்லை.

சிவகங்கை மாவட்டத்திலிருந்து ஒரு விவசாயி: கண்மாய் பாதிதான் பெருகியிருக்கிறது. கடைமடை வயல்களுக்குத் தண்ணீர் எட்டாது. வயல்களுக்கு முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சும் ஆளான நீர்க்கட்டியை மறுபடி வைக்கலாம் என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். ஆளுக்கொரு மோட்டார் இருக்கும்போது அவர் எதற்கு?

பதில்: ஐயா, பெரியவர்கள் சொல்வதே சரி. பாண்டிநாட்டுக் கண்மாய்களில் தண்ணீரை வயலுக்குத் திறந்துவிட இன்றும் நிற்கும் குமிழித் தூம்பைப் பாருங்கள். தண்ணீருக்குள் இரண்டு கல்தூண்கள்; அவற்றுக்கிடையே மேலும் கீழும் ஏறி இறங்கும் அடைப்பு; தெளிந்த நீர் போக மேலே ஒரு துளை, சேறு போக அடியில் சில துளைகள். முங்கி அதைத் திறக்கவும் மூடவும், எந்த வயலுக்கு எத்தனை நாழிகை என்று முறை வைத்துப் பாய்ச்சவும் ஊர் வைத்திருந்த ஆள்தான் நீர்க்கட்டி. களத்துமேட்டில் எல்லோரும் அளந்து போட்ட நெல்லே அவருடைய கூலி. ஒருவருக்கு மட்டும் கடன்பட்டவராக அவர் இல்லாததால், கடைமடைக்காரரும் அவரை நம்பினார்கள். பத்தாம் நூற்றாண்டின் உத்திரமேரூர்க் கல்வெட்டு ஏரி வாரியத்துக்கு உறுப்பினரைக் குடவோலையில் தேர்ந்தெடுத்ததைச் சொல்கிறது. நீரைப் பொதுவில் ஆள்வது நமக்குப் புதிதன்று.

மோட்டார் வந்தபின், கிணறு உள்ளவர்கள் கண்மாயைப் பற்றிக் கவலைப்படுவதை விட்டார்கள். ஆனால் ஆயக்கட்டுக்குள், அதாவது கண்மாய் நீர் பாயும் நிலப்பரப்புக்குள், இருக்கும் கிணறுகள் ஊறுவது பெரும்பாலும் கண்மாயில் தேங்கும் நீரால்தான் என்பதைக் கூட்டத்தில் எடுத்துச் சொல்லுங்கள். நீர்க்கட்டியின் கூலியில் அவர்களும் பங்கு கொடுப்பது நியாயம். மடை திறக்கும் முன்பே, இருக்கும் தண்ணீருக்கு எத்தனை ஏக்கர் விளையும் என்று முடிவு செய்யுங்கள். இலங்கையின் வறண்ட பகுதிகளில் குளம் குறைவாக நிறைந்த ஆண்டில், குளத்தை ஒட்டிய வயல்களை மட்டும் அந்தப் போகத்துக்கு எல்லோருக்கும் பங்கிட்டுப் பயிர் செய்யும் ‘பெத்ம’ என்ற வழக்கம் உண்டு. கடைமடையில் நிலம் உள்ளவருக்கும் அப்போது மேல்மடையில் ஒரு துண்டு கிடைக்கும். உங்கள் ஊரில் அவ்வளவு தூரம் உடன்பாடு எட்டாவிட்டால், மேல்மடையில் நெல்லுக்குப் பதில் உளுந்து விதைக்கவும், மிச்சமாகும் நீரைக் கடைமடைக்கு முறை வைத்து விடவும் இந்தப் போகத்துக்கு மட்டுமாவது எழுதி ஒப்புக்கொள்ளுங்கள்.