அப்பா அம்மாவோடு நான்கு நாள் ஹாங்காங்: எங்கே தங்குவது, எதைப் பார்ப்பது?

திருநெல்வேலியிலிருந்து வயதான பெற்றோரோடு முதல்முறை போகிறோம் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் பாளையங்கோட்டை. என் அப்பாவுக்கு முட்டுவலி, அம்மா சுத்த சைவம். இந்த இரண்டையும் சமாளித்துத்தான் போய்வந்தேன். அதனால் ஓடியாடிப் பார்க்கிற இடங்கள் இதில் இருக்காது.

அங்கே எங்களுக்கு வழி சொன்னவர் காயல்பட்டினத்து நண்பனின் காக்கா (அவர்கள் பேச்சில் அண்ணன்). காயல்காரர்கள் ரத்தினக் கல் வியாபாரத்துக்கு ஹாங்காங் போவது நம் பக்கத்தில் தெரிந்த கதைதான். (1986-ல் மாவட்டத்தைப் பிரிக்கும்வரை காயலும் நம்ம ஜில்லாதான் என்று அவரிடம் உரிமை கொண்டாடினேன்.) அவர் சொன்ன முதல் வார்த்தை: "பெரியவங்கள நடக்க வச்சிராதீங்க தம்பி. இந்த ஊர உக்காந்தே பாத்துறலாம்."

உட்கார்ந்து பார்க்க முதல் இடம் ஸ்டார் ஃபெர்ரி. சிம் ஷா சூயிக்கும் சென்ட்ரலுக்கும் நடுவே துறைமுகத்தைக் கடக்கிற படகு, 1888-லிருந்து ஓடுகிறது. மேல்தட்டுக்கே ஐந்தாறு ஹாங்காங் டாலர்தான், நம் காசுக்கு அறுபது எழுபது ரூபாய். படகுக்கு முன், பின் என்று கிடையாது. எந்தப் பக்கமும் ஓடும். அதனால் மர இருக்கையின் சாய்மானத்தை நாமே இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தள்ளிப் போட்டுக்கொள்ளலாம். அம்மா அதைத் தள்ளிப் பார்த்துவிட்டு, "எய்யா, போட்டு திரும்பல, சீட்டு மட்டும் திரும்புது பாத்தியா" என்றாள். மொத்தம் ஆறு தடவை போய்வந்தோம். இருட்டியபிறகு ஒரு தடவை போங்கள். எட்டு மணிக்கு நடக்கும் விளக்குக் காட்சியை ஆகா ஓகோ என்பார்கள்; எனக்கு அது சுமார்தான். அது இல்லாமலே அந்தக் கரை அழகு.

அடுத்தது டிராம். 1904-லிருந்து ஓடும் மாடி வண்டி. எங்கே இறங்கினாலும் ஒரே கட்டணம், மூன்று டாலர் சொச்சம். பின்வாசலில் ஏறி, இறங்கும்போது முன்வாசலில் காசு. மாடிப்படி குறுகல், அப்பாவை வண்டி நிற்கும்போதே ஏற்றிவிடுங்கள். முன்வரிசை கிடைத்துவிட்டால் கென்னடி டவுனிலிருந்து ஷாவ் கெய் வான் வரை கருவாட்டுக்கடை, சந்தை, ஜன்னலுக்கு வெளியே மூங்கிலில் காயும் துணி எல்லாம் கைக்கெட்டுகிற தூரத்தில் போகும். சில்லறை திருப்பித் தரமாட்டார்கள் என்பதால் விமானத்தை விட்டு இறங்கியதும் பணம் ஏற்றிவைக்கிற ஆக்டோபஸ் கார்டு ஆளுக்கொன்று வாங்கிவிடுங்கள். ரயில், பஸ், படகு, பெட்டிக்கடை எல்லாவற்றுக்கும் அதுதான்.

விக்டோரியா பீக் மலைக்கு மலைரயிலில் போகத்தான் எல்லோரும் வரிசையில் நிற்பார்கள். நாங்கள் சென்ட்ரலில் 15-ம் நம்பர் பஸ் ஏறினோம், மாடியில் உட்கார்ந்தபடி வளைவு வளைவாக ஏறியது. மூடுபனி நாளில் மேலே ஒன்றும் தெரியாது, வானத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். லாண்டாவ் தீவின் பெரிய புத்தருக்கு 268 படி. அப்பா கீழேயே கும்பிட்டுக்கொண்டார்.

தங்க சிம் ஷா சூயி வசதி. விமான நிலையத்திலிருந்து ஏ21 பஸ் நேரே அங்குள்ள நாதன் ரோட்டுக்கு வரும், எக்ஸ்பிரஸ் ரயிலில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான் கட்டணம். ஆனால் அறையின் அளவைக் கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். நான் படத்தை நம்பிப் போட்ட அறையில் ஒரு பெட்டியைத் திறக்க மூன்று பேரும் கட்டிலில் ஏற வேண்டியிருந்தது. அதே ரோட்டில் சுங்கிங் மேன்ஷன்ஸ் என்று மலிவு விடுதிகளும் இந்தியச் சாப்பாட்டுக் கடைகளும் நிறைந்த பழைய அடுக்குமாடி இருக்கிறது; சப்பாத்திக்கும் பருப்புக்கும் நல்லது. பெரியவர்களோடு தங்க வேண்டாம், லிஃப்டுக்கு நிற்கிற வரிசையிலேயே கால் கடுத்துவிடும்.

சாப்பாடுதான் அம்மாவுக்குச் சோதனை. காய்கறிப் பொரியல் என்று கேட்டாலும் சிப்பிச் சாறு ஊற்றிவிடுவார்கள். 'சாய்' என்றால் அங்கே சைவம். அந்தச் சீன எழுத்தை போனில் படமாக வைத்துக் காட்டுங்கள். புத்தர் சிலைக்குப் பக்கத்திலுள்ள போ லின் மடத்தில் நல்ல சைவச் சாப்பாடு உண்டு. இட்லிப்பொடியும் எலுமிச்சை ஊறுகாயும் கொண்டுபோனதை நான் கேலி செய்தேன், மூன்றாம் நாள் நானே கேட்டு வாங்கினேன்.

அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் போங்கள். கோடையில் புயல் வரும். எட்டாம் எண் கூண்டு ஏற்றினால் படகு, பஸ் எல்லாம் படிப்படியாக நின்றுவிடும். எந்த மாதமானாலும் ரயிலிலும் கடைகளிலும் ஏ.சி. எலும்பில் குத்தும், அம்மாவுக்கு ஒரு சால்வை.

இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு 14 நாள் வரை விசா தேவையில்லை, ஆனால் ஹாங்காங் குடிவரவுத் துறையின் தளத்தில் முன்கூட்டியே பதிந்து அந்தச் சீட்டை வெள்ளைத்தாளில் அச்செடுத்துக்கொள்ள வேண்டும். கட்டணம் கிடையாது. ஏஜெண்டு ஆயிரம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள், பத்து நிமிட வேலை. அப்புறம், அங்கே பிளக்குக்குச் சதுர முள். நம் உருண்டை முள் நுழையாது, ஒரு அடாப்டரை இங்கேயே வாங்கிப் பெட்டியில் போட்டுவிடுங்கள்.