இறந்தவருக்கு ஒப்பனை: விளக்கை முதலில் மாற்றுங்கள்

கேள்வி: நான் பியூட்டி பார்லர் நடத்துகிறேன். தோழியின் அம்மா இறந்தபோது, உறவினர்கள் வந்து பார்ப்பதற்கு முன் முகத்தைக் கொஞ்சம் சரிசெய்து தரச் சொன்னார்கள். மணப்பெண்களுக்குப் போடும் ஃபவுண்டேஷனையே போட்டேன். திட்டுத்திட்டாக நின்றது. டியூப்லைட் வெளிச்சத்தில் முகம் சாம்பல் பூத்த மாதிரி இருந்தது. இனி யாராவது கேட்டால் எப்படிச் செய்வது?

பதில்: உங்கள் கைவேலையில் குறை இல்லை. சாதாரண ஃபவுண்டேஷன் உடம்புச் சூட்டில் இளகி, தோலின் எண்ணெயோடு சேர்ந்துதான் பரவும். இறந்தவரின் தோலில் சூடும் இல்லை, புதிதாக எண்ணெயும் சுரக்காது. திட்டுக்குக் காரணம் அது. சாம்பல் நிறத்துக்குப் பாதிக் காரணம் டியூப்லைட்.

ரத்த ஓட்டம் நின்றதும் தோலின் சிவப்பு போய்விடுகிறது. அதன்மேல் 6500 கெல்வின் நீலவெள்ளை ஒளி விழுந்தால் முகம் வெளிறி, பச்சையோடிக்கூடத் தெரியும். அதை அணைத்துவிட்டு 2700 முதல் 3000 கெல்வின் வரையுள்ள மஞ்சள் ஒளி பல்பு போடுங்கள். அட்டையில் சிஆர்ஐ (நிறங்களை எவ்வளவு இயல்பாகக் காட்டும் என்பதன் அளவு) 90 அல்லது அதற்கு மேல் என்று இருந்தால் நல்லது. அந்த வெளிச்சத்திலேயே ஒப்பனையும் செய்யுங்கள்.

விளக்கு எங்கே இருக்கிறது என்பதைப் பலரும் யோசிப்பதே இல்லை. நாம் நிற்கும்போதும் உட்காரும்போதும் வெளிச்சம் பெரும்பாலும் உச்சியிலிருந்து விழும். மூக்கின் நிழல் உதட்டை நோக்கி இறங்கும். அப்படிப் பார்த்துப் பழகிய முகம் அது. படுத்திருப்பவருக்கு உச்சி என்பது தலைமாடு. கால்மாட்டில் தாழ்வாக விளக்கு வைத்தால் மூக்குத்துவாரம் பளிச்சென்று தெரியும், நிழல் நெற்றிப் பக்கம் ஏறும், பெற்ற பிள்ளைக்கே அந்நியமாகப்படும். ஆகவே தலைமாட்டில், முகத்தைவிடச் சற்று உயரத்தில், ஷேடு போட்ட விளக்கு. நெடுநாள் நோயில் கண் குழிந்தவர் என்றால் இந்த ஒளி மட்டும் போதாது, குழி இன்னும் கறுத்துவிடும். நேர் மேலிருந்தும் மங்கலாக ஒன்று வேண்டும். கண்ணாடிப் பெட்டியானால், பார்ப்பவர்கள் நிற்கும் இடத்தில் நின்று, பல்பின் பிம்பம் முகத்தின்மேல் விழாதபடி விளக்கை நகர்த்துங்கள்.

இனி தோல். குளிரூட்டியிலிருந்து எடுத்த உடலில் நீர் அரும்பும். அது நிற்கும்வரை காத்திருந்து, துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். உதடு, இமை, மூக்கு நுனியில் வாசலினை மிக மெல்லிதாகத் தடவுங்கள். முதலில் உலர்ந்து பழுப்பேறுபவை இவைதான்; பழுப்பேறி இறுகிவிட்டால் மறைக்க மட்டுமே முடியும். சவரத்திலும் கவனம் தேவை. பிளேடு உரசிய இடம் அப்போது தெரியாது, பிறகு பழுப்புக் கீறலாகத் தெரியும்.

ரத்தம் தாழ்ந்த பக்கம் இறங்கித் தேங்குவதால் வரும் கருஞ்சிவப்புத் திட்டு, இறந்த அரை மணி முதல் இரண்டு மணி நேரத்துக்குள் தெரியத் தொடங்கி, சுமார் 8 முதல் 12 மணி நேரத்தில் நிலைத்துவிடும். எனவே உங்களுக்குப் போன் வந்ததுமே, தலைக்கு அண்டக்கொடுத்து உயர்த்தி, முகம் ஒருபக்கம் சாயாமல் நேராக வைக்கச் சொல்லுங்கள். வந்துவிட்ட திட்டுக்கு நீங்கள் அறிந்த கலர் கரெக்டரே போதும்: சிவப்புக்குப் பச்சை, நீலம் பாய்ந்த கருமைக்கு ஆரஞ்சு. மஞ்சள் காமாலை இருந்தவருக்கு, உடல் கெடாமலிருக்க ஃபார்மலின் மருந்து ஏற்றியிருந்தால் தோல் பச்சையாகவே மாறக்கூடும்; அங்கே மட்டும் அடர்த்தியான கிரீம் தேவைப்படும்.

மற்றபடி மெல்லிய பூச்சே அழகு. கிரீமைக் கையுறை விரல்களுக்கிடையே தேய்த்து இளக்கி, ஸ்பான்ஜால் ஒற்றி ஒற்றிப் போடுங்கள். பிறகு நெற்றி, கன்னம், மூக்கு நுனி, முகவாய் ஆகிய இடங்களில் சிவப்புச் சாயலைத் துளியளவு திரும்பக் கொண்டுவாருங்கள். காதையும் விரல் முட்டிகளையும் விட்டுவிடாதீர்கள். வருகிறவர்கள் பக்கவாட்டில் நிற்பார்கள். அவர்கள் கண்ணில் முதலில் படுவது காதுமடலும் கையும்தான்.

“கொஞ்சம் வெள்ளையாக்குங்கள்” என்று யாராவது கேட்பார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். மாநிறத்தின்மேல் வெள்ளைப் பவுடர் போட்டால் மறுபடி அதே சாம்பல்தான். சமீபத்திய போட்டோ ஒன்றை வாங்கி, வகிடு எந்தப் பக்கம், கண்ணாடி போடுவாரா, லிப்ஸ்டிக் பழக்கம் உண்டா என்று பார்த்துச் செய்யுங்கள்.

கையுறை கட்டாயம். டப்பாவில் நேரடியாக பிரஷ்ஷை விடாமல் தேவையானதைத் தனியே எடுத்துக்கொள்ளுங்கள்; அந்த ஸ்பான்ஜ், பிரஷ் எதுவும் பார்லருக்குத் திரும்பக் கூடாது. மரணத்தில் போலீஸ் விசாரணை இருந்தால், உடலை ஒப்படைக்கும்வரை முகத்தைத் துடைக்கக்கூடச் செய்யாதீர்கள்.