ரூ.399-ஐக் கொடுத்து முடியுங்கள். பட்டியலை இன்றே நீக்குங்கள்

கேள்வி: மதுரை வில்லாபுரத்தில் வீட்டிலிருந்தே மெஷின் எம்ப்ராய்டரி டிசைன் ஃபைல்களை என் சொந்த இணையதளத்தில் விற்கிறேன். 40 டிசைன் தொகுப்பு ரூ.399. ‘நோ ரீஃபண்ட்’ என்று போட்டிருக்கிறேன். இரண்டு மாதத்தில் 11 பேர் டவுன்லோட் செய்துவிட்டு, ‘ஃபைல் வேலை செய்யவில்லை’ என்று பணத்தைத் திரும்பக் கேட்டார்கள். சிலர் பணத்தைத் திரும்ப எடுத்துத் தரச் சொல்லி வங்கியில் டிஸ்பியூட் போட்டார்கள். ஒருவர் என் அன்னப்பட்சி டிசைனையே பாதி விலைக்கு விற்கிறார். நொந்துபோய், 11 பேரின் பெயரையும் போன் நம்பரையும் ‘ஏமாற்றுப் பேர்வழிகள்’ என்று டெலிகிராம் குழுவில் போட்டேன். அதில் ஒருவரான கோவைப் பெண், ரூ.50,000 இழப்பீடு கேட்டு வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார். நான் போலீஸில் புகார் கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம். கொடுத்தால் முதலில் விசாரிக்கப்படுவது உங்கள் டெலிகிராம் பதிவாகத்தான் இருக்கும்.

உங்கள் உழைப்பும் வயிற்றெரிச்சலும் வழக்கில் எடுபடாது. பணம் கட்டுவதற்கு முன் வாங்குபவருக்கு என்ன காட்டினீர்கள் என்பதுதான் கேள்வி. விளக்குத்தூண் ஜவுளிக்கடை பில்லில் ‘விற்ற பொருள் வாபஸ் இல்லை’ என்று இருக்குமே, அதற்குள்ள மதிப்புதான் உங்கள் ‘நோ ரீஃபண்ட்’ வரிக்கும். 2020 மின் வணிக விதிகள் டிஜிட்டல் பொருளுக்கும் பொருந்தும். குறைபாடுள்ள பொருளுக்கும், விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத பொருளுக்கும் பணத்தைத் திருப்பித் தர மறுக்க முடியாது. 100 மி.மீ. ஹூப் (துணியை இறுக்கிப் பிடிக்கும் சட்டம்) உள்ள வீட்டு மெஷினில் 130 மி.மீ. டிசைன் ஏறாது. டிஎஸ்டி (DST) என்ற எம்ப்ராய்டரி ஃபைல் வகையில் நூலின் உண்மை நிறம் பதிவாகாது, திரையில் வேறு நிறம் காட்டும். விற்பனைப் பக்கத்தில் ஃபார்மட்டும் மி.மீ. அளவும் இல்லையென்றால், ‘வேலை செய்யவில்லை’ என்பது நியாயமான புகார். அவை இருந்து, வாங்குபவர் தானே டிக் செய்து ஒப்புக்கொண்டும் இருந்தால் உங்கள் பக்கம் பலம். நீங்களே முன்கூட்டி டிக் போட்டு வைத்த கட்டம் அந்த விதிகளின்படி சம்மதமே ஆகாது.

இனி, ஆபத்து. விற்பவர்கள் வழக்கமாக விழும் குழி ரீஃபண்ட் அல்ல, இந்தப் பட்டியல்தான். பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 356-ன்படி அவதூறுக்கு இரண்டு ஆண்டு வரை சிறை உண்டு. ‘உண்மையைத்தானே சொன்னேன்’ என்றால் மட்டும் போதாது. அதை வெளியிட்டது பொது நலனுக்காக என்றும் காட்ட வேண்டும். 11 பேரில் ஒருவருடைய மெஷினில் நிஜமாகவே ஃபைல் ஏறவில்லை என்றால் அந்த வாதம் அங்கேயே முடிந்தது. ஆர்டருக்காகத் தந்த நம்பரை வெளியிட்டதற்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 72ஏ-வையும் எதிர்த்தரப்பு இழுக்கும். யாருக்காவது ‘பணத்தைக் கட்டு, பெயரை எடுக்கிறேன்’ என்று மெசேஜ் அனுப்பினீர்களா? அனுப்பியிருந்தால் மிரட்டிப் பணம் பறித்ததாகவே புகார் வரும். அதை உங்கள் வக்கீலிடம் மறைக்காதீர்கள்.

அடுத்த குழி, ‘399 ரூபாய்க்கு யார் கோர்ட்டுக்குப் போவார்கள்’ என்ற நினைப்பு. அந்தக் கோவைப் பெண் தன் ஊர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே மனு போடலாம். ரூ.5 லட்சம் வரையிலான பரிவர்த்தனைக்குக் கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை. அலைய வேண்டியது நீங்கள். ஆணைய நோட்டீஸ் கிடைத்த 30 நாளில் பதில் தர வேண்டும். மேலும் 15 நாள்தான் அவகாசம். அதற்கு மேல் ஒரு நாள்கூட நீட்டிக்க முடியாது என்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 2020-ல் தீர்ப்பளித்துவிட்டது.

ஆகவே சமரசம். பதிவை தேதி, நேரத்தோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு உடனே அழியுங்கள். நோட்டீஸுக்கு வக்கீல் வழியாகவே பதில் போகட்டும். ‘தப்பு செய்துவிட்டேன்’ என்று வாட்ஸ்அப்பில் உருகி எழுதினால் அதுவே அவருக்குச் சாட்சியம். ரூ.50,000 என்பது பேரத்தின் தொடக்க எண். ரூ.399, நோட்டீஸ் செலவு, ஒரு வருத்தக் கடிதம் என்று பேசிப் பாருங்கள். பேச்சு முடிந்தால், நுகர்வோர், சிவில், கிரிமினல் எந்த வழியிலும் இனி கோரிக்கை இல்லை என்று எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள்.

பணத்தை ஜிபே-யில் அனுப்பாதீர்கள். டிஸ்பியூட் நிலுவையில் இருந்தால் வங்கி தனியாக ஒருமுறை பிடிக்கும், நீங்கள் தனியாக ஒருமுறை கொடுத்திருப்பீர்கள். அதே பரிவர்த்தனையின் மேல், உங்கள் தளத்தில் பணம் வசூலிக்கும் பேமென்ட் கேட்வே வழியாகத்தான் திருப்ப வேண்டும். டிஸ்பியூட் ஏற்கெனவே திறந்திருந்தால் அதை ஏற்றுக்கொண்டு முடியுங்கள். மற்ற பத்துப் பேரில் விவரமெல்லாம் பார்த்தே வாங்கியவர்களின் டிஸ்பியூட்டை மட்டும் எதிர்த்தால் போதும். ஆர்டர் எண், டவுன்லோட் நேரம், ஐபி முகவரி மூன்றையும் கேட்வே சொன்ன கெடுவுக்குள் அனுப்புங்கள். யார் எப்போது டவுன்லோட் செய்தார் என்று பதிவாகும் சர்வர் லாக்கை இன்றே நகல் எடுங்கள், பல ஹோஸ்டிங்கில் சில வாரத்தில் அழிந்துவிடும். கோர்ட்டுக்கு வெறும் ஸ்கிரீன்ஷாட் போதாது. பாரதிய சாக்ஷிய அதினியம் (சாட்சியச் சட்டம்) பிரிவு 63-ன்படி, ஃபைல் மாற்றப்படவில்லை என்று காட்டும் ஹாஷ் மதிப்போடு சான்றிதழ் வேண்டும்.

பாதி விலைக்காரர் விஷயத்தில்தான் செலவு செய்யலாம். பதிப்புரிமை (காப்பிரைட்) விதி 75-ன்படி எழுத்துமூலம் புகார் கொடுத்தால் அவர் விற்கும் தளம் 36 மணி நேரத்தில் முடக்க வேண்டும். 21 நாளுக்குள் நீதிமன்ற உத்தரவு வராவிட்டால் மறுபடி திறந்துவிடலாம். டிசைன் சட்டத்தில் பதியாமல் தொழில்முறையில் 50 தடவைக்கு மேல் துணியில் ஏறிய டிசைனுக்குப் பதிப்புரிமையே போய்விட்டது என்று பதிப்புரிமைச் சட்டப் பிரிவு 15-ஐ எதிர்த்தரப்பு காட்டக்கூடும், தயாராக இருங்கள். அந்த அன்னப்பட்சி உங்கள் கையால் வரைந்ததுதானே? வேறெங்கோ பார்த்த படத்தை டிஜிட்டைஸ் செய்தது (தையல் ஃபைலாக மாற்றியது) என்றால் அந்தப் புகாரை அனுப்பவே வேண்டாம்.