அரசின் சுற்றுச்சூழல் அமைப்பில் நிலத்தடி நீர் வல்லுநர் என்ன செய்கிறார்?

நிலவியலில் முதுகலை முடித்திருக்கும் ஒருவர், தமக்கு ஒரு தனியார் ஆலோசனை நிறுவனத்திலும் அரசின் சுற்றுச்சூழல் அமைப்பொன்றிலும் வேலை கிடைத்திருப்பதாகச் சொல்லி, அரசுப் பணியில் நிலத்தடி நீர் வல்லுநர் அன்றாடம் என்னதான் செய்கிறார், கோப்புகளுக்குள் புகுந்துவிட்டால் படித்த அறிவியல் கைவிட்டுப் போய்விடாதா என்று கேட்டிருக்கிறார். இத்தகைய அமைப்பொன்றில் பத்தொன்பது ஆண்டுகளாக இதே பணியில் இருக்கிறேன். கோப்புகளைப் பற்றிய அவருடைய அச்சம் எனக்கும் இருந்ததுதான். இந்த வேலையில் அறிவியல் பெரும்பாலும் கோப்பின் வழியாகவே நடக்கிறது என்பதை உணர எனக்கு ஆறேழு ஆண்டுகள் ஆயின. ஆகவே அதைத்தான் விரிவாகச் சொல்லப் போகிறேன்.

வேலையின் பெரும்பகுதி பிறர் எழுதிய அறிக்கைகளைப் படிப்பது. எரிபொருள் நிலையமொன்றின் நிலத்தடித் தொட்டி கசிந்திருக்கும்; அல்லது உலோகப் பூச்சுத் தொழிற்சாலையின் கழிவுக்குழி, மூடப்பட்ட குப்பைக் கிடங்கு, துணிகளை உலர்சலவை செய்த பழைய கட்டடம் என இடம் மாறும். மாசுக்குப் பொறுப்பானவர் அமர்த்திய ஆலோசனை நிறுவனம் துளையிட்டு, கண்காணிப்புக் கிணறுகள் அமைத்து, மாதிரி எடுத்து, அறிக்கை அனுப்பும். அறிக்கையின் முடிவுரையை அதிலுள்ள தரவு தாங்குகிறதா என்று பார்ப்பது நம் கடமை. கிணற்றின் துளையிட்ட குழாய்ப் பகுதி எந்த ஆழத்தில் இருக்கிறது, மாசு போகக்கூடிய மணல் அடுக்கை அது தொடுகிறதா, ஆய்வகம் கண்டறியக்கூடிய மிகக் குறைந்த அளவே குடிநீர் வரம்பைவிட அதிகமாக இருக்கும்போது ‘காணப்படவில்லை’ என்று எழுதுவதற்கு என்ன பொருள் என்பன போன்ற கேள்விகளை ஒவ்வொன்றாக எழுப்பி, விடை கிடைக்காத இடங்களைக் கடிதமாக எழுத வேண்டும். இவற்றைத் தவிர, பெருமளவு நீர் எடுக்க அனுமதி கேட்கும் விண்ணப்பங்களும், தங்கள் கிணற்றுத் தண்ணீர் நாறுகிறது, நிறம் மாறிவிட்டது என்று வரும் முறையீடுகளும் உண்டு. என் அனுபவத்தில் களத்தில் நிற்கும் நாட்கள் ஆண்டுக்கு நாற்பதைத் தாண்டுவது அரிது.

இந்த வேலைக்குத் தனித்தன்மை தருவது நிலத்தடி நீரின் வேகம். பிரான்ஸின் டிஜோன் நகரத்துக்குக் குடிநீர் கொண்டுவந்த பொறியாளர் ஹென்றி டார்சி, மணல் நிரப்பிய குழாயில் நீரைச் செலுத்தி, அதன் ஓட்டம் நீர்மட்டச் சரிவுக்கு நேர்விகிதத்தில் இருப்பதைக் கண்டு 1856-ல் வெளியிட்டார். இன்றும் நாங்கள் போடும் முதல் கணக்கு அதுதான். ஓரளவு நல்ல மணல் அடுக்கு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். நீர் கடத்தும் திறன் நாளொன்றுக்கு 10 மீட்டர், சரிவு ஆயிரத்துக்கு இரண்டு, மணலில் நீர் ஓடும் இடைவெளி கால் பங்கு என்றால், நீர் ஒரு நாளில் 8 சென்டிமீட்டர் நகரும். ஓராண்டில் சுமார் 29 மீட்டர். தொட்டி கசிந்த இடத்திலிருந்து 300 மீட்டர் தொலைவிலுள்ள வீட்டுக் கிணற்றை அந்த நீர் அடைய ஏறத்தாழ பத்தாண்டுகள் ஆகும். களிமண் கலந்த அடுக்கானால் தலைமுறைகள் ஆகலாம். விரிசல் விட்ட பாறையிலோ சுண்ணாம்புக் குகைகளிலோ சில நாட்களே போதும். நடுத்தரமான அந்த மணலில்கூட, கசிவைப் பதிவு செய்யும் அலுவலரும் அதன் விளைவைக் காணும் அலுவலரும் பெரும்பாலும் ஒருவராக இருப்பதில்லை. இடையில் தொழிற்சாலை கைமாறியிருக்கும், ஆலோசனை நிறுவனம் மாறியிருக்கும், அலுவலர் இடம் மாறியோ ஓய்வு பெற்றோ போயிருப்பார். மாறாமல் நீரோடு கூடவே வருவது கோப்பு ஒன்றுதான்.

இதை எனக்குக் கற்பித்தது என் கையாலேயே நேர்ந்த ஒரு தவறு. பழைய எரிபொருள் கிடங்கு ஒன்றின் கோப்பு என்னிடம் வந்தபோது அங்கே மூன்று கண்காணிப்புக் கிணறுகள் இருந்தன. நீர் எந்தத் திசையில் போகிறது என்று அறியக் குறைந்தது மூன்று கிணறுகள் வேண்டும். ஒவ்வொன்றிலும், கிணற்றுச் சுவர் சரியாமல் இருக்க இறக்கிய உறைக்குழாயின் மேல்விளிம்பிலிருந்து நீர்மட்டம் வரையுள்ள ஆழத்தை அளந்து, விளிம்பின் உயரத்திலிருந்து அதைக் கழித்து, மூன்று மட்டங்களையும் ஒப்பிட வேண்டும். கிணறுகளுக்கிடையே நூறு மீட்டர் இடைவெளி; அவற்றின் நீர்மட்டங்களுக்கிடையே இருபது சென்டிமீட்டர் வேறுபாடு கூட இல்லை. கோப்பில் இருந்த விளிம்பு உயரங்களை அப்படியே எடுத்துக்கொண்டு, நீர் மேற்கே போகிறது என்று ஏற்று, மேற்கே புதிய கிணறுகள் அமைக்க ஒப்புதல் அளித்தேன். அவற்றில் ஈராண்டுகளாகத் தூய்மையான நீரே வந்தது. இடத்தின் மீதான கண்காணிப்பைக் குறைக்கலாம் என்ற கோரிக்கையும் என் மேசைக்கு வந்துவிட்டது.

கையெழுத்திடுவதற்கு முன் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று போன அன்றுதான் கிழக்குக் கிணற்றின் உறைக்குழாய் அறுக்கப்பட்டிருப்பதைக் கவனித்தேன். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு வண்டி மோதி அதன் தலை வளைந்துபோக, யாரோ முப்பத்தைந்து சென்டிமீட்டரை அறுத்தெடுத்துவிட்டு மூடி போட்டிருந்தார்கள். அது எங்கும் எழுதப்படவில்லை. பழைய உயரத்தை வைத்துக் கணக்கிட்டதால் அந்தக் கிணற்றின் நீர்மட்டம் உண்மையைவிட முப்பத்தைந்து சென்டிமீட்டர் உயர்வாகத் தெரிந்திருக்கிறது. நீர் அதை நோக்கி ஓடிக்கொண்டிருக்க, அதிலிருந்து விலகி ஓடுவதாக நான் நம்பியிருக்கிறேன். கிழக்கே இரண்டு வீடுகள் தங்கள் கிணறுகளையே நம்பியிருந்தன. அவற்றுள் ஒன்றில், பெட்ரோலில் இருக்கும் நச்சுப்பொருளான பென்சீன் இருந்தது. வரம்பைக் காட்டிலும் குறைவுதான், ஆனால் இருந்தது. விளிம்பு உயரங்களை மீண்டும் அளக்கச் சொல்லி நான் முதல் நாளிலேயே ஒரு வரி எழுதியிருந்தால் அந்தக் குடும்பம் ஈராண்டு முன்னதாகவே எச்சரிக்கப்பட்டிருக்கும். அந்த ஈராண்டை என்னால் ஈடுசெய்ய இயலாது.

கரைப்பான் மாசு உள்ள இடங்களில் இந்தக் கவனம் இன்னும் கூடுதலாக வேண்டும். எண்ணெயும் பெட்ரோலும் நீரின்மேல் மிதக்கும். உலோகங்களின் எண்ணெய்ப் பிசுக்கை நீக்கப் பயன்பட்ட ட்ரைக்குளோரோஎத்திலீன் என்ற கரைப்பானோ நீரைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு அடர்த்தியானது. நிலத்தடி நீருக்குள் மூழ்கி, களிமண் அடுக்கைத் தொடும் வரை இறங்கி, அந்தக் களிமண் சாய்ந்திருக்கும் பக்கமாக, சில நேரங்களில் நீரோட்டத்துக்கு எதிராகவே ஊர்ந்து போகும். அதற்கான அமெரிக்கக் குடிநீர் வரம்பு லிட்டருக்கு 5 மைக்ரோகிராம். அந்தக் கணக்கில் ஒரே ஒரு லிட்டர் கரைப்பான் சுமார் 29 கோடி லிட்டர் நீரை அந்த வரம்புக்குக் கொண்டுவரப் போதுமானது. நீரை இறைத்துச் சுத்திகரிக்கும் அமைப்பைச் சில ஆண்டுகள் ஓட்டினால் அளவு விரைவாகக் குறையும். நிறுத்தினால், களிமண்ணுக்குள் ஊறியிருந்தது மெல்ல வெளியேறி அளவு மீண்டும் ஏறும். ‘இலக்கை எட்டிவிட்டோம், மூடுகிறோம்’ என்ற கடிதம் வரும்போது, இறைப்பதை நிறுத்திய பிறகு எத்தனை பருவங்களுக்கு மாதிரி எடுத்தீர்கள் என்று கேட்பவராக நீங்கள் இருக்க வேண்டும்.

எழுதப்பட்டும் செயலாகாத வரி என்ன செய்யும் என்பதற்கு கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்திலுள்ள வாக்கர்டன் எடுத்துக்காட்டு. 2000-ஆம் ஆண்டு மே மாதம், ஐயாயிரம் பேர்கூட இல்லாத அந்த ஊரில் பெருமழைக்குப் பின் பொதுக்குடிநீரில் ஈ.கோலை கிருமி கலந்து ஏழு பேர் இறந்தார்கள். 2300-க்கும் மேற்பட்டோர் நோயுற்றார்கள். கிருமி நுழைந்த ஐந்தாம் எண் கிணற்றின் உறைக்குழாய் ஐந்து மீட்டர் ஆழம் வரைதான் இருந்தது. அருகிலேயே கால்நடை எரு இடப்பட்ட வயல். குளோரின் அளவைச் சோதிக்காமலே பதிவேட்டில் எண்களை எழுதியிருந்த, குடிநீர் அமைப்பை இயக்கிய பணியாளர்களைப் பற்றித்தான் பலரும் பேசுவார்கள். நீதிபதி டெனிஸ் ஓ’கானர் தலைமையிலான விசாரணை அறிக்கையில் என் துறையினர் கவனிக்க வேண்டிய இன்னொரு செய்தி இருக்கிறது. 1978-ல் அந்தக் கிணறு அமைக்கப்பட்டபோதே அது மேற்பரப்பு மாசுக்கு ஆளாகக்கூடியது என்பது பதிவாகியிருந்தது. அனுமதியிலோ அதற்கான இயக்க நிபந்தனை எதுவும் சேர்க்கப்படவில்லை. இருபத்திரண்டு ஆண்டுகள் அந்தக் கவலை தாளிலேயே கிடந்தது. அதனால்தான் என் கடிதங்களில் ‘கவனத்தில் கொள்ளப்பட வேண்டும்’ என்று எழுதுவதை விட்டுவிட்டேன். யார், எதை, எந்த நாளுக்குள் செய்ய வேண்டும், செய்யாவிட்டால் அனுமதி என்னவாகும் என்று எழுதுகிறேன்.

முறையீடு செய்பவர்களைச் சந்திப்பது தனிப் பயிற்சி. அவர்கள் கேட்பது ஒரே கேள்விதான்: ‘இந்தத் தண்ணீரைக் குடிக்கலாமா?’ உங்களிடம் இருப்பதோ ஒரு நாளில் எடுத்த ஒரு மாதிரியின் எண்கள். தேடச் சொல்லாத பொருளை ஆய்வகம் தேடாது என்பதும் உங்களுக்குத் தெரியும். வங்காளதேசத்தில் குளத்து நீரால் பரவிய வயிற்றுப்போக்கிலிருந்து மக்களைக் காக்க 1970-களிலிருந்து பெருமளவில் குழாய்க் கிணறுகள் அமைக்கப்பட்டன. ஆற்று வண்டலில் இயற்கையாகவே இருந்த ஆர்செனிக் அந்த நீரில் கரைந்திருப்பது 1990-களில்தான் பரவலாகத் தெரியவந்தது; அதுவரை அந்தக் கிணறுகளில் யாரும் அதை வழக்கமாகச் சோதிக்கவில்லை. எந்தப் பொருள்களுக்குச் சோதித்தோம், எவற்றுக்குச் சோதிக்கவில்லை, அடுத்த மாதிரி எப்போது என்பதைச் சொல்லிவிட்டு, ஐயமிருந்தால் அதுவரை மாற்று நீர் தர ஏற்பாடு செய்யுங்கள். ‘கவலைப்படாதீர்கள்’ என்று மட்டும் சொல்லிவிட்டு வந்த நாட்கள் எனக்கும் உண்டு. அந்தச் சொல் யாரையும் அமைதிப்படுத்தியதாக எனக்கு நினைவில்லை.

தனியார் நிறுவனமா, அரசா என்ற கேள்விக்கு வருகிறேன். துளையிடும் எந்திரத்தின் அருகே நின்று மண்ணைக் கையில் உருட்டிப் பார்ப்பது, நீரேற்றுச் சோதனையை இரவு முழுவதும் ஓட்டி, நேரத்தோடு நீர்மட்டம் தாழ்வதைக் கணிக்க சார்லஸ் தைஸ் 1935-ல் தந்த சமன்பாட்டை உங்கள் சொந்தத் தரவின்மேல் பொருத்திப் பார்ப்பது ஆகியவற்றைத் தனியார் நிறுவனமே விரைவாகக் கற்றுத்தரும். அறிக்கை எழுதும்போது எந்த இடத்தில் செலவைக் குறைக்கும் அழுத்தம் வருகிறது என்பதையும் அங்கேதான் நேரடியாகக் காண்பீர்கள். இரண்டு மூன்று ஆண்டுகள் அங்கே இருந்துவிட்டு அரசுக்கு வருபவர்கள் அறிக்கையிலுள்ள ஓட்டையைச் சட்டென்று காண்கிறார்கள். நேராக அரசுக்கு வந்த என்னைப் போன்றவர்களுக்கு அந்தக் கண் திறக்க நாளாகிறது. ஆனால் தனியாரில் ஒப்பந்தம் முடிந்ததும் இடமும் கைவிட்டுப் போகும். நிலத்தடி நீரைத் தேக்கி வைத்திருக்கும் அடுக்கான நீர்த்தாங்கி ஒன்றையே பத்து, இருபது ஆண்டுகள் பின்தொடரும் வாய்ப்பு அரசுப் பணியில் மட்டுமே எனக்குத் தெரிந்து உண்டு. உங்களுக்கு அதில் ஈர்ப்பு இருந்தால் எந்த வழியில் நுழைந்தாலும் இறுதியில் இங்கே வந்து சேருங்கள்.

சேர்ந்ததும் உங்களுக்கு ஒதுக்கப்படும் கோப்புகளில் மிகப் பழையதை எடுத்து, கடைசித் தாளிலிருந்து பின்னோக்கிப் படிக்காமல், முதல் தாளிலிருந்து படியுங்கள். கிணறு அமைத்த நாளில் துளைத் தொழிலாளர்கள் எழுதிய மண்ணடுக்குக் குறிப்பைத் தேடுங்கள். கையெழுத்து புரியாவிட்டாலும் விடாதீர்கள், பிற்கால வரைபடங்கள் எல்லாம் அதன்மேல்தான் நிற்கின்றன. பிறகு, அதைக் கையில் எடுத்துக்கொண்டு இடத்துக்குப் போய் ஒவ்வொரு கிணற்றையும் தொட்டுப் பாருங்கள்.

அந்த எரிபொருள் கிடங்கின் கோப்பு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. இரு வீடுகளுக்கும் குழாய் நீர் இணைப்பு வந்துவிட்டது. கிழக்கே அமைத்த கிணறுகளில் பென்சீன் ஆண்டுதோறும் குறைந்து வருகிறது. கடைசிக் கிணற்றில் இரண்டு முறை மட்டும் ஏறி இறங்கியது, ஏன் என்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். அறுக்கப்பட்ட உறைக்குழாயின் புதிய உயரம், அளந்த நாள், அளந்தவர் பெயர், பழைய கணக்குகளில் எவை செல்லாதவை என்ற விவரங்களை முதல் தாளிலேயே எழுதிச் சேர்த்திருக்கிறேன். நான் ஓய்வு பெற இன்னும் பதினோர் ஆண்டுகள் இருக்கின்றன. கணக்குப்படி, அந்த நிலத்தடி நீர் அருகிலுள்ள ஓடையைச் சேர அதற்கும் மேல் ஆகும்.