ஃபோர் பை ஃபோர் பின்னாடி ட்ரெய்லர்: கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

பூர்வீகம் பாலக்கோடு பக்கம், பொழப்பு பெங்களூரு. ஓட்டறது நாலு சக்கரமும் இழுக்கற ஃபோர் பை ஃபோர் வண்டி, மொதல்ல மாருதி ஜிப்ஸி, இப்ப மஹிந்திரா தார். பின்னாடி சின்ன ட்ரெய்லர மாட்டிக்கிட்டு அஞ்செட்டி, கனகபுரா, சக்லேஷ்பூர்னு மண்ணு ரோடெல்லாம் இழுத்துப் பழகியாச்சு. "கேட்டா பதில் சொல்வியா"னு நெறைய பேர் கேட்டதால இன்னிக்கி உக்காந்துட்டேன். பேர் வேண்டாம், ஏரியா சொன்னா போதும்.

ஹொரமாவு: அண்ணா, என்கிட்ட ஜிம்னி இருக்கு. தேன்கனிக்கோட்டை தாண்டி ரெண்டு ஏக்கர் தோட்டம், கடைசி 3 கிலோமீட்டர் வெறும் மண்ணு ரோடு, அதுல ரெண்டு மேடு வேற. செடிக்கு ஊத்த 1000 லிட்டர் டேங்க ட்ரெய்லர்ல வச்சு இழுக்கலாமா?

வேண்டாம் தம்பி. 1000 லிட்டர்னா தண்ணி மட்டுமே ஒரு டன், ட்ரெய்லர் வெயிட் ஒரு 250 கிலோ தனி. உன் வண்டியே சுமார் 1200 கிலோ தான். ஆஸ்திரேலியால மூணு கதவு ஜிம்னிக்கு பிரேக் உள்ள ட்ரெய்லர்னா 1300 கிலோ, பிரேக் இல்லன்னா வெறும் 350 கிலோன்னு கம்பெனியே சொல்லுது. நம்ம ஊர்ல பட்டறைல அடிக்கிற ட்ரெய்லர் முக்காவாசிக்கு பிரேக்கே கிடையாது, அப்ப நீ எந்தக் கணக்குல வர்றேன்னு நீயே பாத்துக்க. அதவிட மோசம் டேங்க் பாதி காலியா இருக்கும்போது, உள்ள தண்ணி முன்னயும் பின்னயும் அலையடிக்கும், நீ பிரேக் புடிச்சு நின்னப்பறம் ஒரு செகண்ட் கழிச்சு பின்னாடி இருந்து ஒரு இடி இடிக்கும் பாரு. பிரேக் உள்ள ட்ரெய்லரா பாத்து, 200 லிட்டர் டேங்கா வாங்கி வாய் வரைக்கும் ரொப்பி, அச்சுக்கு மேல உக்கார வச்சு நல்லா கட்டி, ரெண்டு நடை போ. இல்லன்னா அந்த ஊர்லயே டிராக்டர் வச்சிருக்கறவர கேளு, டீசல் காசுக்குக் கொண்டாந்து ஊத்திட்டுப் போயிடுவாரு, எதுக்கு உனக்கு வம்பு.

முருகேஷ்பாளையம்: சார், ரோட்டுல 70 தாண்டினா ட்ரெய்லர் வாலாட்டுது. சரக்கு கம்மிதான், ஒரு ஜெனரேட்டர், டென்ட், சமையல் சாமான். ஏன்?

ஜெனரேட்டர எங்க வச்சீங்க? இறக்க சுலபமா இருக்கும்னு பின் கதவு ஓரமா வச்சிருப்பீங்க, அதான். எங்க தாத்தா பார வண்டி ஓட்டினவரு, மூட்ட ஏத்தும்போது முன்பாரம் பின்பாரம் பாத்துப் பாத்துதான் அடுக்குவாரு. பின்பாரம் ஜாஸ்தியானா நுகத்தடி மேல தூக்கி மாட்டு கழுத்துல கயிறு இறுக்கும், முன்பாரம் ஜாஸ்தியானா மாடு கழுத்த தொங்கப் போட்டுக்கும். இங்கயும் அதே கதைதான், மாட்டுக்கு பதிலா ஹிட்ச், அதாவது வண்டி பின்னாடி ட்ரெய்லர மாட்டற கொக்கி. மொத்த ட்ரெய்லர் வெயிட்ல சுமார் பத்துல ஒரு பங்கு ஹிட்ச் மேல அழுத்தணும், 400 கிலோன்னா 40 கிலோ. அளக்கறதுக்கு மெஷின் எல்லாம் வேண்டாம், வீட்ல எடை பாக்கற தராச கீழ வச்சு, மேல ஒரு மரக்கட்ட, அதுமேல ட்ரெய்லர் மூக்க ஹிட்ச் உயரத்துக்கு உக்கார வைங்க, நம்பர் தெரிஞ்சிடும். மறுபடி ஆட்டினா பதறிப் போய் பிரேக்க மிதிக்காதீங்க, ஸ்டியரிங்க ஒடிச்சு சரி பண்ணவும் பாக்காதீங்க, நேரா புடிச்சுக்கிட்டு ஆக்ஸிலேட்டர்ல இருந்து கால மெதுவா எடுங்க.

எலெக்ட்ரானிக் சிட்டி: நாங்க ஆட்டோமேட்டிக் தார். போன மாசம் காபி எஸ்டேட்ல ஒரு இறக்கம், மழ பேஞ்ச செம்மண்ணு, ட்ரெய்லர் பின்னாடி இருந்து தள்ளி வண்டியே கோணிக்கிச்சு. வீட்டுக்காரர் அன்னியோட ட்ரெய்லரே வேண்டாங்கறார்.

மேடம், சார் பயந்ததுல தப்பே இல்ல. ஏத்தத்துல எல்லாரும் கவனமா இருப்பாங்க, ஆள் மாட்டறது இறக்கத்துலதான். இறங்கறதுக்கு முன்னாடியே, சமதரையிலயே நின்னு 4எல் (நாலு சக்கரமும் மெதுவா, பலமா இழுக்கற லோ கியர்) போட்டு கியர ஒண்ணுல லாக் பண்ணிடணும், பாதி இறக்கத்துல போய் மாத்தலாம்னு நெனைக்கக் கூடாது. இன்ஜினே புடிச்சு இறக்கும், கால் பிரேக்க தொட்டும் தொடாமயும் வச்சா போதும். பிரேக்க அழுத்தினா முன்னாடி வண்டி நிக்கும், பின்னாடி இருக்கறது நிக்காது, அப்பதான் மடிப்புக் கத்தி மாதிரி மடங்கும். அப்படி மடங்க ஆரம்பிச்சா மனசு பிரேக்கதான் கேக்கும், ஆனா எதிரா லேசா ஆக்ஸிலேட்டர் குடுக்கணும், வண்டி முன்னாடி இழுத்தா ட்ரெய்லர் நேராயிடும். குறுக்கா சரிஞ்ச பாதையில இறங்கவே இறங்காதீங்க, நேர் கோடு இல்லன்னா ட்ரெய்லர கழட்டி மேலயே வச்சுட்டுப் போங்க.

ட்ரெய்லர் தள்ளும்போது தானா பிரேக் புடிக்கற ஓவர்ரன் பிரேக் வைக்கலாம், இறக்கத்துக்கு அது நல்லதுதான். ஆனா ரிவர்ஸ் எடுக்கும்போதும் அது புடிச்சுக்கும், அதுக்கு லாக் லிவர் இருக்கான்னு பாத்து வாங்குங்க. அடிக்கடி மலைக்குப் போறவங்களுக்கு எலெக்ட்ரிக் பிரேக்தான் சரி, உள்ள உக்காந்தே கண்ட்ரோல் பண்ணலாம்.

இன்னொண்ணு, ஆட்டோமேட்டிக்னால சொல்றேன், மணல்லயோ ஏத்தத்துலயோ 4எச்ல (நாலு சக்கரமும் இழுக்கற ஹை கியர்) மெதுவா இழுத்துக்கிட்டே இருந்தா, இன்ஜின் சக்திய ஆயில் வழியா கியருக்குக் கடத்தற டார்க் கன்வெர்ட்டர் வழுக்கி கியர் ஆயில் சூடேறும். அங்கயும் 4எல் தான்.

கே.ஆர்.புரம்: மச்சி, சேத்துல மாட்டினா ஹிட்ச்ல இருக்கற இரும்பு உருண்ட, அந்த டோ பால்லயே கயிறு கட்டி இழுத்தா என்ன? ஸ்ட்ராங்கா தான இருக்கு?

டேய், இத மட்டும் பண்ணாத. அந்த டோ பால், உருளுற ட்ரெய்லர நெதானமா இழுக்கறதுக்கு செஞ்சது. சேத்துல புதைஞ்ச வண்டிய வெடுக்குனு இழுக்கும்போது வர்ற லோடு பல மடங்கு, பால் கழுத்துல உடஞ்சுச்சுன்னா கயிறு ரப்பர் மாதிரி அதத் தூக்கி எறியும், கண்ணாடிய ஒடச்சிக்கிட்டு உள்ள வரும். இப்படி ஆள் செத்திருக்காங்க, ஆஸ்திரேலியால இதுக்குன்னு எச்சரிக்கையே குடுக்கறாங்க. சேஸிஸ்ல (வண்டியோட அடிச்சட்டம்) போல்ட் போட்ட ரெக்கவரி பாயின்ட், அதுல கயிற மாட்ட நல்ல ஷேக்கிள் (இரும்பு வளையம்), கயிறு நடுவுல கனமான கோணியோ கம்பளியோ போடு, சுத்தி நிக்கறவன எல்லாம் வெரட்டு. அதுக்கும் முன்னாடி ட்ரெய்லர கழட்டு. வண்டிய மொதல்ல வெளிய எடு, கெட்டி தரையில நிறுத்தி, அப்புறம் நீளக் கயிறு போட்டு ட்ரெய்லர மட்டும் இழு. ரெண்டையும் சேத்து இழுக்கறேன்னு நின்னீன்னா ராத்திரி அங்கதான்.

விவேக் நகர்: ரிவர்ஸ் வரவே மாட்டேங்குது அண்ணே.

ஸ்டியரிங்க கீழ்ப்பக்கமா புடி, ட்ரெய்லர் எந்தப் பக்கம் போகணுமோ கைய அந்தப் பக்கம் நகத்து. கொஞ்சமா, மெதுவா. கோணிக்கிச்சுன்னா முன்னாடி போய் நேராக்கிட்டு மறுபடி. ஞாயித்துக்கிழம காலைல காலி கிரவுண்டுல ரெண்டு மணி நேரம், வேற வழி இல்ல.

ஜாலஹள்ளி: டயர் காத்து எவ்ளோ எறக்கணும்? ட்ரெய்லருக்குமா?

ட்ரெய்லருக்கும் எறக்கணும், அதத்தான் எல்லாரும் மறக்கறாங்க. காத்து எறக்காத டயர் கல்லு மாதிரி மண்ணுல புதைஞ்சு நங்கூரம் மாதிரி இழுக்கும். கரடு முரடு ரோட்டுக்கு நான் 24, 25 பிஎஸ்ஐ வைப்பேன், மணல்னா 16-18. சரக்கு ஜாஸ்தின்னா அவ்ளோ எறக்காதீங்க. தார் ரோடு ஏறினதும் திரும்ப அடிங்க, கம்ப்ரெஸர் இல்லாம எறக்கவே எறக்காதீங்க. அப்படியே 4எச்சையும் எடுத்துடுங்க, தார், ஜிம்னி மாதிரி வண்டிய காஞ்ச ரோட்டுல அதுல ஓட்டினா திருப்பத்துல கியர் எல்லாம் முறுக்கிக்கும்.

சிவாஜிநகர்: பாய், ஆத்துல எறங்கி ஏறின ரெண்டாவது வாரம் ட்ரெய்லர் வீல் பேரிங் போச்சு. புதுசு அது.

புதுசு பழசு கணக்கில்ல பாய். ஓடி ஓடி ஹப் (பேரிங் உக்கார்ற வீல் நடுப்பகுதி) சூடா இருக்கும், அத சில்லுனு தண்ணியில எறக்கினா உள்ள இருக்கற காத்து சுருங்கி சீல் வழியா தண்ணிய உறிஞ்சிக்கும். கிரீஸ் பால் மாதிரி வெளுத்திருந்துச்சா? அதேதான். கரையில ஒரு டீ போட்டுக் குடிச்சு, ஆற விட்டு எறங்குங்க. வீட்டுக்கு வந்ததும் தொறந்து புது கிரீஸ். நான் நிக்கறப்பல்லாம் ஹப்பு மேல கை வச்சுப் பாப்பேன், கை வைக்க முடியலன்னா ஏதோ சரியில்ல.

சர்ஜாபூர்: ஆர்.டி.ஓ. விஷயம்?

ட்ரெய்லருக்கும் தனியா ரிஜிஸ்ட்ரேஷன் வேணும். அதோட நம்பர் அதோட பக்கவாட்டுல, பின்னாடி இழுக்கற வண்டியோட நம்பர். காசு குடுக்கறதுக்கு முன்னாடி பேப்பர் இருக்கான்னு கேளுங்க, "அதெல்லாம் யாரும் கேக்க மாட்டாங்க"ன்னு விக்கறவன் சொன்னா வெளிய வந்துடுங்க.

அல்சூர்: பக்கத்து பட்டறைல ஹிட்ச் வெல்டிங் 3000 ரூபாய்க்கு செஞ்சு தர்றேங்கறாங்க, செய்யலாமா?

நானும் அப்படித்தான் ஜிப்ஸிக்கு செஞ்சேன், எந்தப் பட்டறைன்னு வேண்டாம். பம்பர் தகட்டுலயே பத்த வச்சுட்டாரு, சேஸிஸ்ல இல்ல. எட்டு மாசம் ஒண்ணும் தெரியல. அஞ்செட்டி ரோட்டுல ஒரு குழி, டக்குனு சத்தம், கண்ணாடியில பாத்தா ட்ரெய்லர் மூக்கு கீழ தாழ்ந்து வருது, நல்ல வேளை பாதுகாப்புச் சங்கிலி ரெண்டையும் மூக்குக்கு அடியில குறுக்கா போட்டு சேஸிஸ்ல மாட்டியிருந்தேன், மூக்கு அந்த சங்கிலி மேலயே தொங்கிக்கிட்டு வந்துச்சு, இல்லன்னா பின்னாடி வந்த டிவிஎஸ் எக்ஸ்எல்காரர் மேல ஏறியிருக்கும். இறங்கி அவர்கிட்ட மன்னிப்பு கேட்டேன், அவரே கட்டுக்கம்பி குடுத்து உதவினாரு.