தொகையிடலில் எந்தக் கணக்குக்கு எந்த முறை என்று எப்படிக் கண்டுகொள்வது?

சூத்திரங்கள் அனைத்தும் மனப்பாடமாக இருந்தும், கலந்து கொடுத்தால் எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். பயிற்சிகளை எல்லாம் முடித்துவிட்டு, தேர்வுத்தாளில் தலைப்பில்லாமல் வரும் கணக்கின் முன் கை ஓடாமல் நிற்பவராக உங்களை எடுத்துக்கொள்கிறேன். குறை உங்களிடம் இல்லை. பிரதியிடலுக்கு ஒரு பயிற்சி, பகுதித் தொகையிடலுக்கு ஒரு பயிற்சி, பகுதிப் பின்னங்களுக்கு ஒரு பயிற்சி என்று பிரித்து அடுக்கப்பட்ட புத்தகத்தில், முறையைத் தேர்ந்தெடுக்கும் வேலையைத் தலைப்பே செய்துவிடுகிறது. மாணவருக்கு மிஞ்சுவது வெறும் இயற்கணிதம்தான்.

வகையிடலில் சங்கிலி விதியும் பெருக்கல் விதியும் கையில் இருந்தால் எந்தக் கோவையையும் யோசிக்காமல் வகையிட்டுவிடலாம். வகையிடலைத் திருப்பிச் செய்வதான தொகையிடலில் அப்படி ஒரு நேர்வழி கிடையாது. பிரதியிடல் என்பது சங்கிலி விதியைப் பின்னோக்கிப் படிப்பது. பகுதித் தொகையிடல் என்பது பெருக்கல் விதியைப் பின்னோக்கிப் படிப்பது. ஆகவே "இதற்கு எந்த முறை" என்று கேட்பதைவிட, "எதை வகையிட்டிருந்தால் இந்த உருவம் வந்திருக்கும்" என்று கேட்பதே பயன் தரும். (கைபேசியில் குறியீடுகள் சிதைந்து தெரிவதால் சொற்களிலேயே எழுதுகிறேன்.) பகுதியில், அதாவது கீழே, எக்ஸ் வர்க்கம் கூட்டல் 3 எக்ஸ் கூட்டல் 5, தொகுதியில், அதாவது மேலே, 2 எக்ஸ் கூட்டல் 3 என்று ஒரு பின்னம் வந்தால், பலர் உடனே பகுதியை முழு வர்க்கமாக்கத் தொடங்கிவிடுகிறார்கள். பகுதியின் வகைக்கெழுவே தொகுதியில் உட்கார்ந்திருக்கிறது. விடை பகுதியின் இயல் மடக்கை, ஒரே வரி.

இனி, இந்தக் கேள்வி என்னை எழுத வைத்த காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். பட்டப்படிப்பில் ஒரு தேர்வில், சைன் எக்ஸின் வர்க்கமூலத்தை, சைன், காஸ் இரண்டின் வர்க்கமூலங்களின் கூடுதலால் வகுத்து, 0 முதல் பையின் பாதி வரை தொகையிடச் சொல்லியிருந்தார்கள். எக்ஸ் இருந்த இடத்தில் பையின் பாதி கழித்தல் எக்ஸ் என்று இட்டேன். சைனும் காஸும் இடம் மாறின, எல்லைகள் மாறவில்லை, தொகையின் மதிப்பும் மாறவில்லை. இரண்டு வடிவங்களையும் கூட்டினால் உள்ளே இருப்பது வெறும் 1. எனவே தொகையின் இரு மடங்கு பையின் பாதி, தொகை பையின் கால் பங்கு. காரணங்களோடு ஐந்தாறு வரிகளில் முடித்திருந்தேன். திருத்தியவர் பாதி மதிப்பெண்ணை வெட்டிவிட்டு, பிரதியிடல் முறையில் படிகள் காட்டப்படவில்லை என்று ஓரத்தில் குறித்திருந்தார். நான் செய்தது பிரதியிடல்தான் என்று நேரில் சென்று விளக்கியும், அந்தக் கணக்குக்கு விடைக்குறிப்பில் வேறு வழி இருக்கிறது என்பதே பதிலாக வந்தது. மதிப்பெண் போனதில்கூட எனக்குப் பெரிய வருத்தமில்லை. எல்லைகளை முதலில் பார்ப்பது குறுக்கு வழி என்று வகுப்பில் எல்லோரும் நினைத்துக்கொண்டார்களே, அதுதான் இன்றும் உறுத்துகிறது.

எல்லைகள் கொடுக்கப்பட்டிருந்தால் அவையும் கணக்கின் தரவுதான். சமச்சீர் எல்லைகளுக்கு இடையே ஒற்றைப்படைச் சார்பு (எக்ஸின் குறியை மாற்றினால் தன் குறியும் மாறும் சார்பு) தொடர்ச்சியாக இருந்தால் விடை 0. அதன் தொகையைத் தேடிப் பக்கங்களை நிரப்ப வேண்டியதில்லை. நிபந்தனைகளைச் சொல்லாமல் விட்டேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். எல்லைகளுக்கு நடுவே சார்பு வெடிக்கிறதா, அதாவது முடிவிலிக்குப் போகிறதா என்று பார்ப்பது எப்போதும் முதல் வேலை.

பகுதித் தொகையிடலில் எதை வகையிடுவது என்பதற்கு, நேர்மாறு, மடக்கை, இயற்கணிதம், முக்கோணவியல், அடுக்குக்குறி என்று ஒரு வரிசையை மனப்பாடம் செய்யச் சொல்வார்கள். வரிசை பெரும்பாலும் சரிதான், ஆனால் காரணம் தெரிந்தால் வரிசையே தேவையில்லை: வகையிட்டால் எளிமையாவது எதுவோ அதை வகையிடுங்கள். மடக்கை தனியாக வந்தால் அதோடு 1 பெருக்கப்பட்டிருப்பதாகக் கொண்டு தொடங்கலாம். ஈ-யின் எக்ஸ் அடுக்கும் சைன் எக்ஸும் பெருக்கலில் வந்தால் எதுவும் எளிமையாகாது. ஆனால் இருமுறை செய்தால் தொடங்கிய தொகையே எதிர்க்குறியோடு திரும்பி வரும், அதை மறுபக்கம் கொண்டுபோய்ப் பாதியாக்கினால் வேலை முடிந்தது.

1-ஐக் காஸால் வகுத்து வரும் சீகண்ட் சார்பின் தொகைக்கு, சீகண்ட் கூட்டல் டேன் என்பதால் மேலும் கீழும் பெருக்கும்படி புத்தகங்கள் சொல்கின்றன. அது எப்படித் தோன்றும் என்று திகைக்காத மாணவர் இல்லை. உண்மையில் அங்கே விடைதான் முதலில் வந்தது. வரைபடக் கலைஞர் மெர்கேட்டரின் 1569-ஆம் ஆண்டு உலக வரைபடத்தில் அட்சக்கோடுகளின் இடைவெளியைக் கணக்கிட, எட்வர்ட் ரைட் சீகண்ட் மதிப்புகளைச் சிறுசிறு கோண இடைவெளிகளில் கூட்டி 1599-இல் அட்டவணை வெளியிட்டார். 1640-களில் ஹென்றி பாண்ட் அந்த அட்டவணை டேனின் மடக்கைகளோடு ஒத்துப்போவதைக் கவனித்தார். நிறுவல் ஜேம்ஸ் கிரிகோரியிடமிருந்து 1668-இல்தான் வந்தது. 1670-இல் ஐசக் பாரோ காட்டிய வழி உங்களுக்கும் இயல்பாகத் தோன்றும்: காஸை, 1 கழித்தல் சைன் வர்க்கத்தால் வகுத்ததாக எழுதிக்கொண்டு, சைனைப் புதிய மாறியாக்கிப் பகுதிப் பின்னங்களாகப் பிரிப்பது.

எல்லாம் மென்பொருளே செய்துவிடுமே என்பவர்களுக்கு ஒரு சொல். எல்லாத் தொகைக்கும் முடிந்த வடிவம் இருப்பதில்லை என்பதை 1830-களில் பிரெஞ்சுக் கணிதவியலாளர் லியூவில் நிறுவிய தேற்றம் காட்டுகிறது; ஈ-யின் அடுக்கில் எக்ஸ் வர்க்கம் இருந்தால் சாதாரணச் சார்புகளால் அதன் தொகையை எழுதவே முடியாது. அதோடு ஓர் எக்ஸ் பெருக்கப்பட்டிருந்தால் மட்டும் பள்ளி மாணவர்கூடச் செய்துவிடுவார். அந்த ஒற்றை எக்ஸைக் கவனிக்கும் கண் மென்பொருளைத் தட்டுவதால் வருவதில்லை.

ஆகவே, எல்லாப் பயிற்சிகளிலிருந்தும் கணக்குகளைத் தலைப்பில்லாமல் துண்டுச் சீட்டுகளில் எழுதிக் கலைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் முதல் அடியை மட்டும் எழுதி அடுத்ததற்குச் செல்லுங்கள். முழுமையாகச் செய்யும் கணக்குகளில் விடையை வகையிட்டுச் சரிபாருங்கள். தொடக்கமாக, 1-ஐ, எக்ஸையும், எக்ஸின் 7-ஆம் அடுக்கு கூட்டல் 1-ஐயும் பெருக்கி வரும் பகுதியால் வகுத்துத் தொகையிட்டுப் பாருங்கள். பகுதிப் பின்னங்களில் நேராக இறங்கினால் தாள் தீரும். மேலும் கீழும் எக்ஸின் 6-ஆம் அடுக்கால் பெருக்கினால், எக்ஸின் 7-ஆம் அடுக்கே புதிய மாறியாகி மூன்றே வரிகளில் முடியும்.